நீர்வண்ணத்தில் வரும் கோளாறுகள்: அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

நீர்வண்ணத்தில் ஒரு வாஷ், அதாவது நீர்த்த வண்ணத்தைப் பரப்பிவிடும் பூச்சு, கெட்டுப்போனால் பலரும் முதலில் தங்கள் கையைக் குறை சொல்கிறார்கள். அடுத்த வாரமே விலை கூடிய வண்ணப்பெட்டியை வாங்கிவிடுகிறார்கள். பெரும்பாலான சமயங்களில் இரண்டுமே தேவையில்லை. நீர், தூரிகை, தாள், நிறமி ஆகிய நான்கில் எது தொல்லை தருகிறது என்பதை ஸ்கெட்ச் புக்கின் ஒரே பக்கத்தில் பிரித்துப் பார்த்துவிடலாம். அதற்கு ஒரே விதிதான் உண்டு: ஒரு சோதனையில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். தாளையும் வண்ணத்தையும் சேர்த்து மாற்றினால், கோளாறு தீர்ந்தாலும் எதனால் தீர்ந்தது என்று தெரியாது.

ஸ்கெட்ச் புக்கின் கடைசிப் பத்துப் பக்கங்களைச் சோதனைக்கென்று ஒதுக்கிவையுங்கள். வேறு தாளில் செய்யும் சோதனை இந்தத் தாளைப் பற்றி எதுவும் சொல்லாது என்பதால், படம் வரையும் அதே புத்தகத்திலேயே சோதிக்க வேண்டும். டியூபின் மேல் சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் நிறமிக் குறியீட்டைப் படிக்கும் பழக்கமும் வேண்டும். பிபி 29 என்றால் அல்ட்ராமரின், பிபி 15 என்றால் தாலோ நீலம், பிவி 19 என்றால் குவினாக்ரிடோன். இரண்டு நிறுவனங்கள் ஒரே பெயரில் விற்கும் வண்ணங்களுக்குள் வேறு வேறு நிறமிகள் இருக்கலாம். அதைக் காட்டிக்கொடுப்பது இந்தக் குறியீடு மட்டுமே.

## அறிகுறி 1: காய்ந்த வாஷின் நடுவில் பூக்கோசு போன்ற ஓரம் தெரிகிறது

காய்ந்துகொண்டிருக்கும் பரப்பில் அதைவிட அதிக நீர் வந்து சேர்ந்திருக்கிறது. அந்த நீர் நிறமியைத் தள்ளிக்கொண்டு போய், தான் நின்ற இடத்தில் வரம்பு கட்டிவிடுகிறது. எந்த நீர் என்பதுதான் கேள்வி.

### தூரிகை பட்ட இடத்தில் வந்திருந்தால்

தாளைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். கண்ணாடி போல மின்னினால் இன்னும் வண்ணம் சேர்க்கலாம். மினுக்கம் மங்கிப் பட்டுத் துணியின் அளவுக்கு வந்துவிட்டால், தாளில் இருப்பதைவிடக் கெட்டியான வண்ணத்தை மட்டுமே சேர்க்கலாம். நீர்த்த வண்ணம் கூடவே கூடாது. மினுக்கம் முழுக்கப் போன பிறகும் புறங்கையை வைத்தால் குளிர்ச்சி தெரியுமானால் தாளின் உள்ளே ஈரம் இருக்கிறது என்று பொருள். கோளாறு அதிகம் நேர்வது இந்தக் கட்டத்தில்தான், ஏனென்றால் பார்வைக்குத் தாள் காய்ந்தது போலவே இருக்கும். குளிர்ச்சி முற்றிலும் நின்ற பிறகு அடுத்த பூச்சைத் தொடங்குங்கள்.

### ஓரத்திலோ கீழ் விளிம்பிலோ வந்திருந்தால்

வாஷின் முடிவில் தேங்கிய நீர் திரும்பி ஊர்ந்திருக்கிறது. பூசி முடித்தவுடன் தூரிகையைக் கழுவிப் பிழிந்து, அதன் நுனியால் அந்தத் தேக்கத்தைத் தொட்டால் தூரிகையே உறிஞ்சிக்கொள்ளும். தாள் நெளிந்து பள்ளம் விழுந்ததால் நீர் தேங்கியிருந்தால் காரணம் தாளின் கனம். சதுர மீட்டருக்கு 200 கிராமுக்குக் குறைந்த தாள் பெரிய ஈர வாஷைத் தாங்குவது கடினம். நான்கு பக்கமும் கிளிப் போட்டுப் பாருங்கள். போதவில்லை என்றால் 300 கிராம் தாளுக்கு மாறுவதைத் தவிர வேறு வழியில்லை. ஹேர் டிரையரை மிக அருகில் பிடித்தாலும் காற்று நீரைத் தள்ளி இதே ஓரத்தை உண்டாக்கும்.

வந்துவிட்ட ஓரத்தைச் சரிசெய்ய, முழுக்கக் காயவிட்டு, ஈரத் தூரிகையால் வரம்பை மட்டும் நனைத்து ஒற்றியெடுங்கள். அல்ட்ராமரின் இறங்கி வரும், தாலோ வராது. அந்த வேறுபாட்டை நான்காம் அறிகுறியில் பார்க்கலாம்.

## அறிகுறி 2: வண்ணம் சீராகப் பரவாமல் திட்டுத்திட்டாக நிற்கிறது

இதைத்தான் அதிகம் பேர் தவறாகப் புரிந்துகொண்டு, நல்ல வண்ணத்தைக் குப்பையில் போடுகிறார்கள். நீர்வண்ணத் தாளில் நீரைச் சற்று நேரம் மேற்பரப்பில் நிறுத்திவைப்பதற்காக ஜெலட்டினோ அதுபோன்ற வேறொரு பொருளோ சேர்க்கப்பட்டிருக்கும். இதைச் சைசிங் என்பார்கள். சைசிங் போய்விட்ட தாள் வண்ணத்தை உடனே குடித்துவிடும். சைசிங் மிகையாக இருக்கும் தாளோ எண்ணெய் பட்ட தாளோ வண்ணத்தை ஏற்காமல் துளித்துளியாக நிறுத்தும். இரண்டும் எதிரெதிர் கோளாறுகள். ஆகவே முதலில் எது என்று உறுதிசெய்யுங்கள்.

சோதனை எளிது. பக்கத்தின் மூலையில் ஒரு துளி சுத்தமான நீரை விட்டுப் பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். நல்ல தாளில் துளி குவிந்து நின்று மெதுவாகப் பரவும். துளி விழுந்தவுடன் உள்ளே இறங்கி, தாளின் பின்புறத்தில் கருத்த புள்ளி தெரிந்தால் சைசிங் போய்விட்டது. துளி உருண்டு ஓடப் பார்த்தால் மேற்பரப்பு நீரைத் தள்ளுகிறது.

### தாள் குடித்துவிடுகிறது, ஆனால் சில இடங்களில் மட்டும்

அழிப்பான் அழுத்தித் தேய்த்த இடமா, மாஸ்கிங் டேப்பை உரித்த இடமா, முன்பு தூரிகையால் துடைத்தெடுத்த இடமா என்று பாருங்கள். மேல் நார் கிளம்பிய இடத்தில் வண்ணம் எப்போதும் கருமையாகவே விழும். அதைத் திருப்பிச் சரிசெய்ய இயலாது. இனி பென்சில் கோட்டை மெலிதாகப் போடுங்கள். அழிக்க வேண்டியிருந்தால் பிசையும் வகை அழிப்பானால் ஒற்றியெடுங்கள்.

### எல்லாப் பக்கங்களிலும், உப்புத் தூவியது போன்ற கரும்புள்ளிகளுடன்

ஈரப்பதமான இடத்தில் நெடுநாள் இருந்த தாளில் சைசிங் இப்படித்தான் சிதையும். புத்தகத்தின் நடுப்பக்கத்திலும் கடைசிப் பக்கத்திலும் துளிச் சோதனையைச் செய்து பாருங்கள். ஓரப் பக்கங்கள் மட்டும் கெட்டிருந்தால் நடுப்பகுதியைப் பயன்படுத்தலாம். முழுக்கக் கெட்டிருந்தால் மெல்லிய ஜெலட்டின் கரைசலைப் பூசிக் காயவைத்துத் தனித் தாள்களைக் காப்பாற்றலாம். ஆனால் தைத்த புத்தகத்தில் அது நடைமுறைக்கு ஒத்துவராது. அந்தப் புத்தகத்தைப் பேனா ஓவியத்துக்கும் பென்சிலுக்கும் வைத்துக்கொள்வதே நல்லது. வாங்கிய உடனே இந்தக் கோளாறு இருந்தால் துளிச் சோதனைப் பக்கத்தைப் படம் எடுத்து விற்றவருக்கு அனுப்புங்கள். ஒரே தொகுதியில் வந்த தாள்கள் முழுவதும் கெட்டிருக்கக்கூடும், மாற்றித் தரச் சொல்லிக் கேட்பது நியாயமே.

### தாள் வண்ணத்தைத் தள்ளுகிறது

கைவிரல் எண்ணெய் பட்டிருந்தால் அந்த இடம் விரல் அளவிலேயே இருக்கும். உள்ளங்கைக்கு அடியில் ஒரு தாளை வைத்து வரைந்தால் இது நிற்கும். பக்கம் முழுவதும் தள்ளினால், ஈரமான பஞ்சால் ஒருமுறை மென்மையாகத் துடைத்து, பாதி காய்ந்ததும் தொடங்குங்கள். அப்போதும் தள்ளினால் வண்ண நீரில் ஒரு துளி ஆக்ஸ் கால் (வண்ணம் தாளில் பரவ உதவும் மாட்டுப் பித்தநீர்த் திரவம்) சேர்க்கலாம். அதுவும் பலிக்காவிட்டால் அது நீர்வண்ணத்துக்கான தாளே இல்லை.

வண்ணம் கலக்கும் தட்டான பேலட்டில் வண்ணம் துளித்துளியாகத் திரள்வது வேறு விஷயம். புதிய பிளாஸ்டிக் பேலட் எல்லாமே முதலில் அப்படித்தான் செய்யும். சமையல் சோடாவை ஈரத்துணியில் தொட்டு மென்மையாகத் தேய்த்தால் சரியாகும்.

## அறிகுறி 3: கலவை சேறாகிறது

சேறு என்று எல்லோரும் சொல்லும் நிலையில் இரண்டு வகை உண்டு. சாம்பல் பழுப்பாக உயிரிழந்து தெரிவது ஒன்று. சுண்ணாம்பு கலந்தது போல வெளிறி, தாளின் வெண்மை ஊடே தெரியாமல் மறைந்துபோவது இன்னொன்று. இரண்டாவது வகையில் முதலில் டியூபைத் திருப்பிப் பாருங்கள். பிடபிள்யூ 4, பிடபிள்யூ 6 என்ற குறியீடு இருந்தால் வெள்ளை நிறமி உள்ளே கலந்திருக்கிறது. காட்மியம் மஞ்சள், காட்மியம் சிவப்பு போன்ற ஒளிபுகா நிறமிகளைப் பல பூச்சுகளாக ஏற்றினாலும் இதே மங்கல் வரும். கருப்பு நீர்ப்புகா மையால் ஒரு தடித்த கோடு போட்டுக் காய்ந்ததும், ஒவ்வொரு வண்ணத்தையும் அதன் குறுக்கே பூசிப் பாருங்கள். கோட்டின் மேல் மெல்லிய படலம் படிந்தது போல் தெரியும் வண்ணங்கள் ஒளிபுகாதவை. அவற்றைக் கடைசிப் பூச்சுக்கோ தனிப் பூச்சுக்கோ வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வகைக்கு வருவோம். காரணங்களை மலிவானதிலிருந்து வரிசையாகச் சோதியுங்கள்.

முதலில் நீர். தூரிகையைக் கழுவ ஒன்று, வண்ணம் கரைக்க ஒன்று என இரண்டு ஜாடிகள் வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகும் சேறு வந்தால் தூரிகையைத் துணியில் ஒற்றிப் பாருங்கள். வேரடியில் ஒளிந்திருக்கும் பழைய வண்ணம் அப்போது தெரியும்.

அடுத்தது எண்ணிக்கை. கடையில் வாங்கும் சாப் கிரீன், ஹூக்கர்ஸ் கிரீன் போன்றவற்றில் பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று நிறமிகள் ஏற்கெனவே கலந்திருக்கும். அதோடு இரண்டு நிறமிகள் கலந்த ஊதாவைச் சேர்த்தால், இரண்டு வண்ணம் கலந்ததாக நீங்கள் நினைக்கும்போது தாளில் ஐந்து நிறமிகள் இருக்கலாம். ஒற்றை நிறமி வண்ணங்களை மட்டும் கொண்டு அதே கலவையைத் திரும்பச் செய்யுங்கள். சேறு போய்விட்டால் கை மீது குற்றமில்லை.

அதற்குப் பிறகு நிறத்தின் சாய்வு. அல்ட்ராமரினில் சிவப்புச் சாய்வு உண்டு. காட்மியம் மஞ்சளின் ஆழ்ந்த வகைகளிலும் சிவப்புச் சாய்வு உண்டு. இரண்டும் சேர்ந்தால் கிடைப்பது மங்கிய ஆலிவ் பச்சை. பச்சைச் சாய்வுள்ள தாலோ நீலத்தோடு லெமன் மஞ்சளைச் சேர்த்தால் இளந்தளிர் போன்ற பச்சை கிடைக்கும். சோதனைப் பக்கத்தில் உங்களிடமுள்ள எல்லா நீலங்களையும் மேல் வரிசையிலும் எல்லா மஞ்சள்களையும் இடப்பக்கத்திலும் இட்டு, குறுக்குக் கட்டங்களில் கலவைகளை நிரப்புங்கள். அரைநாள் வேலைதான், ஆனால் எந்த ஜோடி மங்கும் என்பதற்கு நிரந்தரமான விடை கிடைத்துவிடும்.

இந்த நிலையில் ஒரு கலவையை நெருங்கிப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அல்ட்ராமரினையும் பர்ன்ட் சியன்னாவையும் சம அளவில் கலந்து, நிறைய நீருடன் சற்றுக் கரடான தாளில் விட்டு, தொடாமல் இருங்கள். காய்ந்த பின் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் தாளின் குழிகளில் நீலத் துகள்கள் தங்கி, சுற்றிலும் பழுப்பு மெல்லிய படலமாக நிற்பது தெரியும். தூரத்திலிருந்து அது உயிருள்ள சாம்பல் நிறம். அதே கலவையைக் காய்வதற்குள் தூரிகையால் நாலைந்து முறை தடவிவிட்டால் துகள்கள் ஒன்றோடொன்று மசிந்து, சாம்பல் செத்துப்போகும். ஆகவே நிறமிகள் சரியாக இருந்தும் சேறு வந்தால், கடைசிக் காரணம் அளவுக்கு மீறிய தடவல்தான். ஒரே கலவையை இரு கட்டங்களில் இட்டு, ஒன்றை ஒரே தடவலில் விட்டுவிடுங்கள், மற்றதைத் தேய்த்துப் பாருங்கள்.

ஒற்றை நிறமிகளும் சுத்தமான நீரும் இருந்து, ஒரே தடவலில் பூசியும் சேறு நிற்கவில்லை என்றால், அனுபவமுள்ள ஓவிய ஆசிரியர் ஒருவரிடம் முடித்த படத்தைக் காட்டுவதைவிட அவர் முன்னிலையில் ஒரு வாஷ் போட்டுக் காட்டுங்கள். கையின் அழுத்தமும் வேகமும் முடிந்த படத்தில் தெரியாது.

## அறிகுறி 4: மேல்பூச்சு இடும்போது அடிப்பூச்சு எழுந்துவிடுகிறது, அல்லது துடைத்தாலும் போக மறுக்கிறது

இரண்டும் ஒரே பண்பின் இரு முனைகள். உங்கள் வண்ணங்கள் எல்லாவற்றையும் பட்டை பட்டையாகப் பூசி, ஒருநாள் முழுக்கக் காயவிட்டு, ஒவ்வொரு பட்டையின் பாதியையும் ஈரத் தூரிகையால் அதே எண்ணிக்கையில் தேய்த்து டிஷ்யூவால் ஒற்றுங்கள். கோபால்ட் நீலம், செருலியன், விரிடியன், அல்ட்ராமரின் ஆகியவை பெரும்பாலும் எழுந்து வந்துவிடும். தாலோ நீலமும் தாலோ பச்சையும் பிரஷ்யன் நீலமும் குவினாக்ரிடோன் வகைகளும் கறையாகத் தங்கிவிடும்.

அடிப்பூச்சு எழுகிறது என்றால் முதலில் அது உண்மையில் காய்ந்ததா என்று புறங்கையால் பாருங்கள். அடுத்து, மென்மயிர்த் தூரிகையால் ஒரே இழுப்பில் பூசிவிட்டுத் திரும்பித் தொடாமல் இருங்கள். அப்போதும் எழுந்தால் பூச்சின் வரிசையை மாற்றுங்கள்: கறை படியும் நிறமி அடியில், எழுந்து வரும் நிறமி மேலே. பணம் செலவில்லாத இந்த மாற்றமே பெரும்பாலும் போதும். வானத்தை கோபால்ட்டில் போட்டு அதன் மேல் மரக்கிளைகளை இழுக்கும்போது கிளையோரம் கலங்குகிறவர்கள், அந்த வானத்தைத் தாலோ நீலத்தின் மிக நீர்த்த வாஷாகப் போட்டுப் பார்க்கலாம்.

துடைத்தாலும் போகாத கறையை மேலும் தேய்க்காதீர்கள். தாளின் நார்தான் கிளம்பும். ஒளி தேவைப்படும் இடத்தில் ஒளிபுகா வெள்ளை கவாஷைத் தொடலாம்.

பேனாக் கோடு கரைந்து கலங்கினால் குற்றம் வண்ணத்தில் இல்லை, மையில் இருக்கிறது. அந்த மையால் கோடு போட்டு, ஐந்து நிமிடம், ஒரு மணி நேரம், ஒரு நாள் என்று இடைவெளி விட்டு நனைத்துப் பாருங்கள்.

## அறிகுறி 5: வண்ணம் துகள் துகளாகப் பிரிகிறது

இது பல சமயங்களில் கோளாறே இல்லை. அல்ட்ராமரின், கோபால்ட், செருலியன், விரிடியன் எல்லாம் இயல்பாகவே துகள் படியும் நிறமிகள். பாறையும் பழைய சுவரும் வரைகிறவர்களுக்கு அது ஒரு வரம். முகத்தின் நிழலில் வந்தால்தான் சங்கடம்.

வேண்டாம் என்றால் நீரைக் குறையுங்கள், தாளைச் சாய்க்காமல் தட்டையாக வையுங்கள், வழவழப்பான ஹாட் பிரஸ் தாளில் முயலுங்கள். பிறகும் தெரிந்தால் அந்த இடத்துக்குத் தாலோ நீலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமாகச் சீராக இருக்கும் வண்ணங்கள்கூடத் திரிந்தது போல் கட்டிகட்டியாகத் தெரிந்தால் நீரைச் சந்தேகியுங்கள்: அதே வண்ணத்தை ஒரு கட்டத்தில் குழாய் நீரிலும் மறு கட்டத்தில் காய்ச்சி வடித்த நீரிலும் கரைத்து ஒப்பிட்டால் விடை வந்துவிடும்.

வேண்டியும் துகள் வரவில்லை என்றால் குறியீட்டைப் பாருங்கள். கோபால்ட் ப்ளூ ஹ்யூ என்று விற்கப்படும் வண்ணத்தில் கோபால்ட் இல்லாமல் வேறு நீலங்கள் இருக்கும். உண்மையான கோபால்ட் நீலத்தின் குறியீடு பிபி 28.

## அறிகுறி 6: காய்ந்ததும் வெளிறிவிடுகிறது

ஓரளவு வெளிறுவது நீர்வண்ணத்தின் இயல்பு. ஈரத்தில் சரியாகத் தெரியும் அடர்த்தி காய்ந்தால் குறைவாகவே இருக்கும், அதனால் சற்று மிகையாகத் தெரியும் அளவுக்குக் கலக்க வேண்டும். எவ்வளவு மிகை என்பதை அறிய, ஒரு பட்டையைப் பூசிக் காயவிட்டு, அதன் அருகிலேயே அதே கலவையை ஈரமாக இட்டுப் பாருங்கள்.

இயல்பை மீறி வெளிறினால், பேன் வண்ணத்தின் (சிறு கிண்ணத்தில் காய்ந்த கட்டியாக இருக்கும் வண்ணம்) மேல் ஒரு துளி நீர் விட்டுச் சில நிமிடம் ஊறவிட்டுத் தொடங்குங்கள். காய்ந்த பேனை அவசரமாகத் தேய்த்தால் நிறமி குறைவாகவும் நீர் கூடுதலாகவுமே வரும். விரிடியன் இறுகிப்போனால் எளிதில் கரையாது. டியூபிலிருந்து பேனில் நிரப்பும்போது ஒரு சொட்டு கிளிசரின் கலந்தால் இளகும், அதற்கு மேல் கலந்தால் பிசுபிசுப்பு நீங்காது. ஊறவைத்தும் அடர்த்தி வரவில்லை என்றால் மாணவர் தர வண்ணத்தில் நிறமியின் அளவு குறைவாக இருப்பதே காரணமாக இருக்கும். முழுப் பெட்டியையும் மாற்றாமல் நீங்கள் அதிகம் பயன்படுத்தும் ஒரே ஒரு வண்ணத்தைக் கலைஞர் தரத்தில் வாங்கி, பழையதோடு பக்கத்தில் வைத்துச் சோதியுங்கள்.

அடர்த்தி வேண்டி வண்ணத்தைக் குழம்பாகப் பூசினால் நிறமியைப் பிணைத்துவைக்கும் கோந்து மேலே நின்று பளபளக்கும், வெடிக்கவும் செய்யும். மெல்லிய பூச்சுகளாகப் பிரித்து ஏற்றுவதுதான் தீர்வு.

## அறிகுறி 7: பழைய பக்கங்களில் நிறம் மங்கிவிட்டது

மூடிய புத்தகத்தில் மங்குவது அரிது. சட்டமிட்டு மாட்டிய பக்கம் மங்கினால் நிறமியைச் சந்தேகியுங்கள். அலிஸரின் கிரிம்சன் எனப்படும் பிஆர் 83, மஞ்சிட்டி வேர் வகையிலிருந்து எடுக்கும் ரோஸ் மேடர் எனப்படும் என்ஆர் 9, ஒளிரும் சாயம் சேர்த்த ஓபரா வகை இளஞ்சிவப்புகள் ஆகியவை ஒளியில் மங்குபவை. பிரஷ்யன் நீலம் ஒளியில் சற்று வெளிறினாலும் இருட்டில் வைத்தால் ஓரளவு திரும்பி வரும் என்பதால், முடிவுக்கு வருமுன் அந்தப் பக்கத்தைச் சில வாரம் மூடிவையுங்கள்.

புதிய வண்ணங்களை நீங்களே சோதிக்கலாம். பட்டைகளைப் பூசி, பாதியைக் கனத்த கருப்பு அட்டையால் மூடி, வெயில் படும் ஜன்னலில் சில மாதங்கள் வைத்துப் பிரித்துப் பாருங்கள். 1888இல் இங்கிலாந்தில் ரஸ்ஸல், ஆப்னி என்ற இருவர் நீர்வண்ணங்களின் மீது ஒளியின் விளைவைப் பற்றி அளித்த அறிக்கை, காற்றும் ஈரமும் நீக்கிய நிலையில் பெரும்பாலான வண்ணங்கள் மாறாமல் இருந்ததைக் காட்டியது. ஆகவே ஒளியோடு ஈரமும் சேரும் சுவர் படத்துக்கு ஏற்ற இடமில்லை. இனி வாங்கும்போது ஏஎஸ்டிஎம் என்ற தர நிர்ணய அமைப்பின் ஒளித்தாங்கு தரம் 1 அல்லது 2 என்று குறித்திருப்பதை எடுங்கள். அலிஸரினுக்குப் பதிலாகக் குவினாக்ரிடோன் வகைச் சிவப்புகள் நன்றாகப் பயன்படும்.

பிரஷ்யன் நீலத்தைத் தவிர, மங்கிய நிறத்தை மீட்க எந்த வழியும் இல்லை. நீங்கள் மதிக்கும் பழைய படமாக இருந்தால் அதன் மேல் புதிய வண்ணம் ஏற்றாதீர்கள். தாள் ஓவியங்களைப் பாதுகாக்கும் வல்லுநரிடம் காட்டி, மேற்கொண்டு மங்காமல் காக்க என்ன செய்யலாம் என்று கேளுங்கள்.

## அறிகுறி 8: பேலட்டிலோ பக்கத்திலோ பூஞ்சை

ஈரம் காயாமல் மூடிய பேலட்டில் வருவது. பேனின் மேற்பரப்பில் மட்டும் இருந்தால் அந்த அடுக்கை ஈரத் துணியால் துடைத்தெடுத்து, 70 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹாலைத் தெளித்துத் திறந்துவைத்துக் காயவிடுங்கள். திரும்ப வந்தால் அந்த வண்ணத்தை எறிந்துவிடுங்கள். காட்மியம், கோபால்ட் நிறமிகள் நச்சுத் தன்மை உடையவை என்பதால் காய்ந்த பேனைச் சுரண்டித் தூசி எழுப்ப வேண்டாம், தூரிகை நுனியை வாயில் வைத்துக் கூராக்கும் பழக்கமும் வேண்டாம்.

பக்கங்களில் பூஞ்சை தெரிந்தால் புத்தகத்தை மற்றப் புத்தகங்களிலிருந்து உடனே பிரித்து, காற்றோட்டமான நிழலில் விரித்துவையுங்கள். ஈரமாக இருக்கும்போது துடைத்தால் பூஞ்சை தாளுக்குள் தேய்ந்து பரவும். ஒன்றிரண்டு புள்ளிகள் என்றால் முழுக்கக் காய்ந்த பின் முகக்கவசம் அணிந்து, மென்மையான தூரிகையால் வீட்டுக்கு வெளியே தட்டிவிடலாம். பல பக்கங்களுக்குப் பரவியிருந்தாலோ, வண்ணத்தின் மேலேயே வளர்ந்திருந்தாலோ, இழக்க மனமில்லாத படங்களாக இருந்தாலோ நீங்களாக எதையும் செய்யாமல், புத்தகத்தைக் காகித உறையில் இட்டுப் பாதுகாப்பு வல்லுநரிடம் கொண்டுபோங்கள். பிளாஸ்டிக் உறை வேண்டாம், உள்ளிருக்கும் ஈரத்தை அது வெளியே விடாது.